மாறாத பாக எண்: ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்ச் விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

2014 பிப்ரவரி 7 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. செவர்லே கோபால்ட், பான்டியாக் ஜி5 ஆகிய கார்களின் இக்னிஷன் சுவிட்சில் குறை இருக்கிறது, அந்தக் கார்களைத் திரும்பப் பெறுகிறோம் என்பதே கடிதத்தின் சாரம். மார்ச் மாதம் முடிவதற்குள் மேலும் பல மாடல்கள் சேர்ந்து, எண்ணிக்கை உலக அளவில் ஏறத்தாழ 26 லட்சமாக உயர்ந்தது. 2014இன் தொடக்க மாதங்களில் நிறுவனம் ஒப்புக்கொண்ட உயிரிழப்புகள் 13. பின்னர் வழக்கறிஞர் கென்னத் ஃபைன்பெர்க் பொறுப்பில் அமைந்த இழப்பீட்டு நிதி 124 இறப்புகளுக்கும் 275 காயங்களுக்கும் ஏறத்தாழ 59.5 கோடி டாலர் வழங்கியது.

பணத்துக்காக உயிர்களைப் பலி கொடுத்த நிறுவனம் என்று இந்த நிகழ்வை ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். நிறுவனமே நியமித்த முன்னாள் அரசு வழக்கறிஞர் ஆன்டன் வலுகாஸ் தந்த அறிக்கை வேறொன்றைச் சொல்கிறது. 300 பக்கங்களைத் தாண்டிய அந்த அறிக்கை, ஊழியர் எவரும் பாதுகாப்பையும் செலவையும் எதிரெதிரே வைத்து வெளிப்படையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்ததற்குச் சான்று இல்லை என்கிறது. எனக்கு இதுதான் அதிகக் கலக்கம் தருகிறது. கெட்ட எண்ணம் கொண்ட ஒருவரைப் பணியிலிருந்து நீக்கிவிடலாம். இங்கே பொறியாளருக்கு ஒரு பகுதி தெரிந்திருந்தது, சட்டத் துறைக்கு இன்னொரு பகுதி. கணக்குத் துறைக்கும் இயக்குநர் குழுவுக்கும் எதுவும் தெரியவில்லை. பத்தாண்டுக் காலம் அந்தப் பகுதிகள் ஒரே மேசைக்கு வந்து சேரவில்லை.

சுவிட்சுக்குள் ஒரு பிளஞ்சர்

சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு நிலையிலும் சட்டென்று பதிந்து நிற்பதை விரலே உணரும். சிறு ஸ்பிரிங் ஒன்று பிளஞ்சர் எனப்படும் குச்சியை ஒரு பள்ளத்துக்குள் அழுத்திப் பிடிப்பதால்தான் அப்படி நிற்கிறது. பிளஞ்சர் குட்டையாக இருந்தாலோ ஸ்பிரிங் தளர்வாக இருந்தாலோ பிடிப்பு குறையும். டெல்ஃபை நிறுவனம் தயாரித்த இந்த சுவிட்ச், 'ஓடும் நிலை'யிலிருந்து விலகுவதற்கு 20 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு விசை தேவைப்பட வேண்டும், ஐந்து கூடலாம் அல்லது குறையலாம் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த அளவு. அதாவது, மிகக் குறைந்தது 15. சோதனைகளில் சுவிட்ச் அந்த அளவை எட்டவில்லை. இருந்தும் 2002இல் பொறுப்புப் பொறியாளர் அதற்கு ஒப்புதல் கையெழுத்திட்டார். 2003ஆம் ஆண்டு மாடல் சாட்டர்ன் அயான் காரிலும், அதன் பின் கோபால்ட்டிலும் அது இடம்பெற்றது.

அதன் விளைவு எளிதில் ஊகிக்கக் கூடியது. சாவிக்கொத்து கனமாக இருந்தால், கார் பள்ளத்தில் இறங்கி ஏறினால், ஓட்டுநரின் முழங்கால் சாவியில் இடித்தால், சாவி 'ஓடும் நிலை'யிலிருந்து, ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் 'துணைக்கருவி நிலை'க்கு நழுவிவிடும். இன்ஜின் நிற்கும். பவர் ஸ்டீயரிங் இறுகும். பிரேக்குக்குக் கிடைக்கும் துணை விசையும் போய்விடும்.

இத்துடன் முடிந்திருந்தால் திறமையான ஓட்டுநர் சமாளித்திருக்கலாம். உயிர்களைக் குடித்தது இதற்கு அடுத்து நடந்ததுதான். மோதலை உணர்ந்து காற்றுப்பைகளை விரியச் சொல்லும் மின்னணுப் பகுதி, சாவி 'ஓடும் நிலை'யில் இருக்கும்போது மட்டுமே வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. நிறுத்தி வைத்த காரில் காற்றுப்பை விரிந்து யாரையும் காயப்படுத்திவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்தத் தனி முடிவில் தவறு ஏதும் இல்லை. தளர்ந்த சுவிட்சோடு அது சேர்ந்தபோது, கார் கட்டுப்பாட்டை இழக்கும் அதே நொடியில் காற்றுப்பையும் செயலிழந்துபோனது. சுவிட்சை வடிவமைத்த குழுவும் காற்றுப்பைக் குழுவும் வேறு வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைச் சுவிட்ச் புகார்களைக் கையாண்டவர்கள் அறிந்திருக்கவில்லை. தாங்கள் கட்டிய கார் எப்படி இயங்குகிறது என்பதையே அவர்கள் முழுதாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை என்கிறார் வலுகாஸ். ஒரு வாகன நிறுவனத்தைப் பற்றி இதைவிடக் கடுமையாக எதுவும் சொல்ல முடியாது.

'வசதிக்குறைவு' என்ற வகை

கோபால்ட் விற்பனைக்கு வந்த காலத்திலேயே புகார்கள் வரத் தொடங்கிவிட்டன. 2004 நவம்பரில் நிறுவனத்தின் குறை தீர்ப்புப் பதிவேட்டில் இது ஏறியது. ஓடும் கார் நின்றுவிடுவதைப் பாதுகாப்புக் குறையாக அவர்கள் பதியவில்லை. இன்ஜின் நின்றாலும் காரைத் திருப்ப முடியும், நிறுத்த முடியும், எனவே இது வாடிக்கையாளருக்கு ஏற்படும் வசதிக்குறைவு மட்டுமே என்று வகைப்படுத்தினார்கள். 2005இல் பத்திரிகைகளில் கார் மதிப்புரை எழுதுபவர்கள் இதைச் சுட்டிக்காட்டியபோது, நிறுவனம் வெளியில் சொன்ன பதிலும் இதுதான்.

இந்த வகைப்பாட்டிலிருந்துதான் மற்ற எல்லாமே பிறந்தது என்பது என் கணிப்பு. பாதுகாப்புக் குறை என்று பதிந்திருந்தால் செலவு எவ்வளவு என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. வசதிக்குறைவு என்றால் அந்தக் கேள்விதான் முதலில் வரும். அப்படியே வந்தது. 2005 மார்ச்சில் பதிவை மூடியபோது எழுதப்பட்ட காரணங்கள் இவை: தீர்வுகளுக்கு நாள் அதிகம் பிடிக்கும், பாகத்தை வார்க்கும் அச்சுகளுக்கான செலவும் பாகத்தின் விலையும் அதிகம், எந்தத் தீர்வும் பிரச்சினையை முழுதாக நீக்காது, எனவே வணிக நோக்கில் ஏற்கத்தக்க தீர்வு எதுவும் இல்லை. அதே ஆண்டு நடந்த இன்னொரு கணக்கீட்டில் மேம்பட்ட சுவிட்சுக்குக் கூடுதல் விலை பாகம் ஒன்றுக்குச் சுமார் 90 சென்ட், வாரண்டிச் செலவில் மிச்சம் 10 முதல் 15 சென்ட், அச்சுச் செலவு சுமார் 4 லட்சம் டாலர் என்று வந்தது.

அந்த வாரண்டி மிச்சத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு காரில் சுவிட்சை மாற்றினால் நிறுவனத்துக்கு வரும் ஆதாயம் 10 முதல் 15 சென்ட் என்று கணக்கில் நிற்பதற்குக் காரணம், ஆதாயப் பத்தியில் பழுதுபார்ப்புச் செலவு மட்டுமே இருந்ததுதான். விபத்து, வழக்கு, திரும்பப் பெறுதல் எதற்கும் அந்தத் தாளில் இடம் இல்லை. கூட்டலிலும் கழித்தலிலும் பிழை கிடையாது. எதைக் கூட்டுவது என்பது முன்பே முடிவாகிவிட்டிருந்தது.

2005 டிசம்பரில் விற்பனை முகவர்களுக்கு ஒரு தொழில்நுட்பச் சுற்றறிக்கை போனது. சாவிக்கொத்திலிருந்து கனமான பொருட்களைக் கழற்றிவிடுமாறு வாடிக்கையாளர்களிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் சாவியின் நீள்துளையைச் சிறு வட்டத் துளையாக மாற்றும் செருகியைக் கொடுங்கள் என்பது அதில் இருந்த ஆலோசனை. கார் ஓடும்போது நின்றுவிடும் என்ற நேரடிச் சொல்லை அந்தச் சுற்றறிக்கை தவிர்த்தது. புகாரோடு வந்தவர்களுக்குச் செருகி கிடைத்தது. புகார் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்த பல்லாயிரம் பேருக்கு எதுவும் தெரியாது.

2006 ஏப்ரல்

2002இல் கையெழுத்திட்ட அதே பொறியாளர், 2006 ஏப்ரலில் டெல்ஃபை அனுப்பிய மாற்றத்துக்கும் கையெழுத்திட்டார். புதிய சுவிட்சில் பிளஞ்சர் நீளம் கூடியது, ஸ்பிரிங்கின் பிடிப்பும் கூடியது. சாவி எளிதில் நழுவுவது குறைந்தது. பாக எண் மட்டும் மாறவில்லை.

வாகனத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குற்றம் என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சற்று நின்று சொல்கிறேன். ஒரு பாகத்தின் வடிவமோ, பொருந்தும் முறையோ, செயல்பாடோ மாறினால் அதற்குப் புது எண் கொடுக்க வேண்டும் என்பது பொறியியல் ஆவண முறையின் அடிப்படை. எந்தக் காரில் எந்தப் பாகம் இருக்கிறது என்பதை நிறுவனம் தெரிந்துகொள்ள அந்த எண்ணைத் தவிர வேறு வழி இல்லை. எண் மாறாதபோது பழைய சுவிட்சும் புதிய சுவிட்சும் ஒரே பெட்டியில் கலந்துவிடுகின்றன. பழுதுபார்க்கும் கடைக்குப் போன உதிரிப்பாகம் எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. 2014இல் திரும்பப் பெறும் பட்டியல் புதிய மாடல் ஆண்டுகளுக்கும் நீண்டதற்கு இதுவே காரணம். புதிய கார்களிலும் பழைய சுவிட்ச் உதிரிப்பாகமாகப் பொருத்தப்பட்டிருக்கக் கூடும்.

அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. காற்றுப்பை விரியாத விபத்துகளை நிறுவனத்துக்குள்ளேயே ஒரு பொறியாளர் 2007 முதல் பட்டியலிட்டு வந்தார். பழைய மாடல்களில் மட்டும் இப்படி நடக்கிறது, பிந்தைய ஆண்டுக் கார்களில் நடப்பதில்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. இடையில் என்ன மாறியது என்று தேடினால், ஆவணங்கள் சுவிட்சில் எதுவும் மாறவில்லை என்றன. வடிவமைத்தவரைக் கேட்டாலும் அதே பதில்தான் வந்தது. சரியான இடத்தைத் தொட்ட விசாரணையை நிறுவனத்தின் சொந்தப் பதிவேடே வேறு திசைக்குத் திருப்பிவிட்டது.

விஸ்கான்சின் மாநிலத்தில் 2006 அக்டோபரில் நடந்த ஒரு கோபால்ட் விபத்தில் இரண்டு இளம்பெண்கள் இறந்தனர். அதை ஆராய்ந்த மாநிலக் காவல் அதிகாரி, சாவி 'துணைக்கருவி நிலை'யில் இருந்ததைக் கவனித்து, நிறுவனத்தின் சுற்றறிக்கையையும் தேடிக் கண்டுபிடித்து, காற்றுப்பை விரியாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று 2007இலேயே எழுதிவிட்டார். அந்த அறிக்கை நிறுவனத்தின் கோப்புகளில் இருந்தது. அரசுப் பாதுகாப்பு நிர்வாகத்திடமும் இருந்தது. இரண்டு இடங்களிலும் அது கிடப்பில் கிடந்தது.

முடிச்சு அவிழ்ந்தது வெளியே. ஜார்ஜியா மாநிலத்தில் 2010இல் கோபால்ட் விபத்தில் இறந்த ஒரு பெண்ணின் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் தரப்புப் பொறியாளர் விபத்துக்குள்ளான காரின் சுவிட்சையும், கடையில் வாங்கிய புதிய சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண் ஒன்றுதான், பிளஞ்சரின் நீளம் வேறு. வேறுபாடு இரண்டு மில்லிமீட்டர் கூட இல்லை. 2013 ஏப்ரலில் நடந்த வாக்குமூலத்தில் வடிவமைப்புப் பொறியாளரிடம் அந்தப் படங்களைக் காட்டிக் கேட்டார்கள். அப்படியொரு மாற்றத்துக்குத் தாம் ஒப்புதல் தந்ததாகத் தெரியவில்லை என்றார் அவர். அவருடைய கையெழுத்து உள்ள 2006ஆம் ஆண்டுப் படிவத்தை 2013 அக்டோபரில் டெல்ஃபை தேடி எடுத்துக் கொடுத்தது. அதற்குப் பிறகும் திரும்பப் பெறும் முடிவுக்கு வர 2014 ஜனவரி 31 ஆயிற்று.

50 லட்சம் டாலர் வாசல்

சட்டத் துறையின் பங்கு அதிகம் பேசப்படாமல் போய்விட்டது. நிறுவன ஆளுகை பற்றிப் படிப்பவர்கள் இந்த நிகழ்விலிருந்து ஒரே ஒரு விவரத்தை எடுத்துக்கொள்வதானால், நான் இதைத்தான் காட்டுவேன். விபத்து வழக்குகளைச் சமரசமாக முடிக்க ஜெனரல் மோட்டார்ஸில் படிநிலைகள் இருந்தன. 50 லட்சம் டாலரும் அதற்கு மேலும் ஆகும் சமரசத்துக்குத் தலைமைச் சட்ட அதிகாரியின் ஒப்புதல் தேவை. அதற்குக் குறைந்த தொகைகளைக் கீழே இருக்கும் குழுவே முடித்துவிடலாம். கோபால்ட் வழக்குகள் அந்த வாசலுக்குக் கீழேயே ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தன. அபராத இழப்பீடு, அதாவது தண்டனையாக விதிக்கப்படும் கூடுதல் இழப்பீடு, வரும் ஆபத்து இருப்பதாக வெளி வழக்கறிஞர்கள் எழுத்தில் எச்சரித்த பிறகும் நிலை மாறவில்லை. தலைமைச் சட்ட அதிகாரிக்கு 2014 பிப்ரவரியில்தான் விஷயம் தெரிந்தது என்கிறது அறிக்கை.

தொகையை வைத்து மேலே அனுப்பும் முறை, ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகப் பார்க்கும். ஒரே காரில், ஒரே விதமாக, மீண்டும் மீண்டும் காற்றுப்பை விரியவில்லை என்ற செய்தி எந்தத் தனிக் கோப்பிலும் இருக்காது. கோப்புகளைச் சேர்த்து வைத்தால்தான் அது தெரியும். அப்படிச் சேர்த்துப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் எழுதப்படவில்லை. எத்தனையோ நிறுவனங்களின் அதிகாரப் பகிர்வு ஆவணங்களில் இன்றும் டாலர் வரம்புகள் மட்டுமே இருக்கின்றன. அவற்றை எழுதுபவர்கள் இந்த அத்தியாயத்தைப் படித்தாக வேண்டும்.

எழுதும் மொழிக்கும் தடை இருந்தது. 2008இல் ஊழியர்களுக்குக் காட்டப்பட்ட ஒரு பயிற்சி விளக்கத்தில், குறிப்புகளில் தவிர்க்க வேண்டிய சொற்கள் பட்டியலிடப்பட்டிருந்தன. 'குறை', 'பாதுகாப்பு' போன்ற சொற்களுக்கே அதில் மாற்று வழி தரப்பட்டது. குறை என்று எழுத வேண்டாம், வடிவமைத்தபடி செயல்படவில்லை என்று எழுதுங்கள் என்பது ஓர் அறிவுரை. வழக்குகளில் இந்த ஆவணங்கள் எதிர்த்தரப்புக்குப் போகும் என்ற அச்சம் காரணம். கீழே இருப்பவர் மங்கலாக எழுதினால், மேலே படிப்பவருக்கு அவசரம் புரியாது.

கணக்குப் புத்தகம்

நிதித் துறைப் பக்கம் வருவோம். ஒரு நட்டம் நேரக் கூடும் என்று தெரிந்தால், அமெரிக்கக் கணக்கியல் விதிப்படி மூன்று நிலைகளில் அதை மதிப்பிட வேண்டும். பெரும்பாலும் நேரும், தொகையையும் மதிப்பிடலாம் என்றால் கணக்கில் ஒதுக்க வேண்டும். நேர ஓரளவு வாய்ப்பு உண்டு என்றால் குறிப்பில் வெளியிட வேண்டும். வாய்ப்பு மிகக் குறைவு என்றால் எதுவும் தேவையில்லை. இந்த மதிப்பீட்டைச் செய்ய வேண்டியவர் கணக்காளர். அவருக்குச் செய்தியே வராவிட்டால் என்ன செய்வார்?

2017 ஜனவரியில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. சுவிட்சில் பாதுகாப்புப் பிரச்சினை இருக்கிறது என்பதை நிறுவனத்தின் ஊழியர்கள் 2012 வசந்த காலத்திலேயே புரிந்துகொண்டிருந்தனர், கணக்காளர்களுக்கு அந்தத் தகவல் 2013 நவம்பர் வரை போகவில்லை என்று ஆணையம் கண்டது. உள் கணக்குக் கட்டுப்பாட்டில் குறை என்பதே குற்றச்சாட்டு. அபராதம் 10 லட்சம் டாலர். மற்ற தொகைகளுக்கு முன்னால் இது மிகச் சிறியது. அமெரிக்க அரசின் நீதித் துறையுடன் 2015 செப்டம்பரில் செய்த உடன்பாட்டில் நிறுவனம் 90 கோடி டாலர் கட்டியது. பங்குதாரர்களின் கூட்டு வழக்கு 30 கோடியில் முடிந்தது. ஆனாலும் அந்தப் 10 லட்சத்துக்குப் பின்னால் இருக்கும் கொள்கை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொறியியல் துறையின் விசாரணைப் பட்டியல் நிதித் துறையின் உள்ளீடு என்று அது நிலைநாட்டுகிறது.

2014இல் நிறுவனமே தன் கணக்கு முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த பிறகுதான் செலவை ஒதுக்கினார்கள். அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டு முதல், வட அமெரிக்காவில் கார் விற்கும்போதே பிற்காலச் செலவை மதிப்பிட்டு ஒதுக்கத் தொடங்கினார்கள். இந்த மாற்றத்துக்காக மட்டும் 87 கோடி டாலருக்கு மேல் ஒரே தடவையில் கணக்கில் ஏறியது. 2005இன் அந்தக் கணக்கீட்டில் இல்லாமல் போன பத்தி ஒன்பது ஆண்டு கழித்து ஐந்தொகையில் இடம்பிடித்தது.

திரும்பப் பெறுதல் குறித்த நிதி ஆய்வுகள் பழையவை, அவை ஒன்றோடொன்று மோதவும் செய்கின்றன. பங்குதாரர் இழப்பு நேரடிச் செலவைவிட மிக அதிகம் என்று 1985இல் ஜாரெல், பெல்ட்ஸ்மன் இருவரும் மருந்து, கார்த் துறைகளை வைத்துக் காட்டினார்கள். 1988இல் ஹாஃபர், ப்ரூயிட், ரெய்லி மூவரும் கார்த் துறைத் தரவை மறுபடி சோதித்து, அந்த முடிவுக்கு வலுவான ஆதரவு இல்லை என்றார்கள். பங்குச் சந்தை நிறுவனத்தைத் தானாகத் தண்டித்துத் திருத்திவிடும் என்று நம்பி உட்கார முடியாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

அண்மை ஆய்வுகளில் இந்த நிகழ்வுக்கு நெருக்கமானது 2017இல் கினி, ஷெனாய், சுப்ரமணியம் மூவரும் வெளியிட்டது. கடன் சுமையும் திவால் ஆபத்தும் அதிகமான நிறுவனங்களில் பொருட்களைத் திரும்பப் பெறும் நிலை அதிகம் நேர்கிறது என்று அவர்கள் கண்டார்கள். நெருக்கடியில் இருக்கும் நிறுவனம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செலவைக் குறைக்கும், தரம் அப்படிப்பட்ட இடம் என்பது அவர்களுடைய விளக்கம். ஜெனரல் மோட்டார்ஸின் காலவரிசையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குறைப் பதிவு மூடப்பட்டது 2005 மார்ச்சில். கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ், ஜெனரல் மோட்டார்ஸின் கடன் பத்திரங்களை முதலீட்டுத் தரத்துக்குக் கீழே இறக்கியது அதே ஆண்டு மே மாதத்தில். அந்த ஆண்டு நிறுவனத்தின் நட்டம் 1,000 கோடி டாலரைத் தாண்டியது. 90 சென்ட் மறுக்கப்பட்டதற்கு இதுதான் காரணம் என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. செலவைக் குறைக்கும் அழுத்தம் நிறுவனம் முழுதும் பரவியிருந்தது என்பதை வலுகாஸ் அறிக்கை பதிவு செய்கிறது. அந்த அழுத்தத்துக்குள் இருக்கும் பொறியாளர் தன் குறையை 'பாதுகாப்பு' என்று பதிந்து சண்டைக்கு நிற்பாரா, 'வசதி' என்று பதிந்து அடுத்த வேலைக்குப் போவாரா என்பதுதான் கேள்வி. யாரும் உத்தரவு போடத் தேவை இருக்கவில்லை.

இயக்குநர் குழுவும் நீதிமன்றமும்

2014 பிப்ரவரி வரை இயக்குநர் குழுவுக்கு இது தெரியாது. அறியாமை அவர்களைக் காப்பாற்றியது. பங்குதாரர்கள் நிறுவனத்தின் சார்பில் இயக்குநர்கள்மீது டெலவேர் மாநிலத்தில் தொடுத்த வழக்கை நீதிமன்றம் 2015 ஜூனில் தள்ளுபடி செய்தது. இடர்களைக் கண்காணிக்க ஒரு முறை இருந்தது, அது குறைபாடுள்ளதாக இருக்கலாம், அதனாலேயே இயக்குநர்கள் தீய எண்ணத்தோடு நடந்தார்கள் என்று ஆகிவிடாது என்பது தீர்ப்பின் அடிப்படை. இயக்குநர்கள் கண்காணிக்கத் தவறினார்களா என்பதை அளக்க 1996இன் கேர்மார்க் வழக்கிலிருந்து வரும் அளவுகோல் அவ்வளவு உயரமானது.

பிறகு சட்டம் நகர்ந்தது. ஐஸ்கிரீம் நிறுவனம் ஒன்றின் பொருளால் கிருமித்தொற்று பரவி மக்கள் இறந்த வழக்கில், 2019இல் டெலவேர் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகப் பேசியது. நிறுவனத்தின் உயிர்நாடியான ஓர் இடரை இயக்குநர் குழு மட்டத்தில் கண்காணிக்க எந்த ஏற்பாடும் இல்லை என்றால், வழக்கு நிற்கும் என்றது. 2021இல் போயிங் 737 மேக்ஸ் வழக்கிலும் அதே வழியில் தீர்ப்பு வந்தது. விமானப் பாதுகாப்பைப் பற்றிக் குழு மட்டத்தில் தனிக் கண்காணிப்பு இல்லை என்பது அங்கே எடுபட்டது. வழக்கு 23.75 கோடி டாலருக்குச் சமரசமானது.

ஆனால் ஜெனரல் மோட்டார்ஸில் தகவல் தேங்கியது குழுவுக்கும் பல படிகள் கீழே. 50 லட்சம் டாலர் வாசலுக்குக் கீழே கோப்புகளை மூடிக்கொண்டிருந்த துறைகளில். அந்த நிலையைத் தொடும் தீர்ப்பு 2023 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் வழக்கில் வந்தது. கண்காணிக்கும் கடமை இயக்குநர்களோடு நிற்பதில்லை, நிறுவன அதிகாரிகளுக்கும் தத்தம் பொறுப்புக்குட்பட்ட துறையில் அது உண்டு, அபாய அறிகுறியைக் கண்டால் மேலே சொல்ல வேண்டியதும் அதில் அடங்கும் என்றது டெலவேர் நீதிமன்றம். கோபால்ட் கோப்புகளை ஒவ்வொன்றாக முடித்துவைத்த துறைகளின் உயர் அதிகாரிகளுக்கு அன்று இந்த விதி இருந்திருந்தால், தொகை சிறியது என்ற பதில் அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்காது.